அமோனைற்றுகள்: அழிந்துபோன கடலுயிர் புகட்டும் பாடம்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மீன்கடைகளில் கணவாயைக் காணாதவர் நம்மில் இல்லை. அதன் உடலினுள் இருக்கும் வெண்ணிற ஓட்டைக் கிளிக்கூட்டில் செருகி வைப்பதையும் நாம் அறிவோம். அவ்வோட்டை உடைத்து நோக்கினால் நுண்ணிய அறைகள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதைக் காணலாம். கணவாய் நீரில் மிதப்பதற்கு உதவுபவை இவ்வறைகளே. இதே உபாயத்தை வெளியோட்டில் கொண்டு, பல கோடி ஆண்டுகள் கடல்களில் வாழ்ந்து மறைந்த உறவினமே அமோனைற்று ஆகும்.

ஆட்டுக்கடாவின் கொம்பு போன்று சுருண்டிருந்தமையால், கடாக் கொம்புடன் சித்திரிக்கப்பட்ட எகிப்தியத் தெய்வமான அமோனின் பெயர் இதற்கு வழங்கலாயிற்று. நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைப்பதும், இந்துக்கள் சாளக்கிராமம் எனப் போற்றுவதும் அமோனைற்று உயிர்ச்சுவடுகளையே.

ஓட்டின் வாயருகேயுள்ள கடைசி அறையில் மாத்திரமே உயிரினம் வசித்தது. வளருந்தோறும் பின்புறத்தே புதிய தடுப்புச் சுவரை எழுப்பி முன்னகர்ந்தது. கைவிடப்பட்ட அறைகளை ஊடறுத்துச் சென்ற மெல்லிய குழாய், அவற்றிலிருந்த நீரை அகற்ற, வாயு அங்கு நிரம்பியது. தடுப்புச் சுவர்கள் ஓட்டைச் சந்திக்கும் கோடுகள் ஆதியில் எளிய வளைவுகளாக இருந்து, காலப்போக்கில் இலை விளிம்பு போன்று சிக்கலடைந்தன. இக்கோடுகளைக் கொண்டே ஆய்வாளர்கள் இனங்களையும் பாறைகளின் வயதையும் இனங்காண்கின்றனர். ஜேர்மனியில் 1895 இல் கண்டெடுக்கப்பட்ட ஓர் ஓட்டின் விட்டம் ஏறத்தாழ 1.7 மீற்றர் ஆகும்.

சுமார் 41 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தோன்றிய இவ்வினம், 25 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பேரழிவிலும், 20 கோடி ஆண்டுகளுக்கு முந்திய அழிவிலும் அருகி மீண்டும் பெருகியது. எனினும், 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் விண்கல் மோதியதையடுத்து டைனோசர்களுடன் இதுவும் மறைந்தது.

நமது தீவில் அமோனைற்றைத் தேடுவது வீண். தீவின் பத்தில் ஒன்பது பங்கு, இவை தோன்றுவதற்கு முன்பே உருவான உருமாறிய பாறைகளாலானது. தப்போவையின் ஜுராசிக் படிவுகள் தாவரச் சுவடுகளையே தாங்கியுள்ளன. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லோ இவை அழிந்து நாலு கோடி ஆண்டுகளுக்கும் பின்னர் படிந்தது. ஆயினும், தமிழகத்தின் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் இவை மிகுதியாகக் கிடைக்கின்றன. இவற்றை எட்வேர்ட் போர்ப்ஸ் 1846 இல் விவரித்தார். 1860களில் இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பேர்டினண்ட் ஸ்டோலிஸ்கா விரிவாக ஆராய்ந்தார். இன்று சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழப்படும் பிரதேசமும் அதுவே. அகழ்வுக்கு முன்னர் சுவடுகளைச் சேகரிக்காவிடின் அவை சீமெந்துத் தூளாகிவிடும்.

அதே பேரழிவில் நோற்றிலஸ் என்னும் ஓட்டுயிர் தப்பியது எவ்வாறு? அமோனைற்றுக் குஞ்சுகள் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவினவாய்க் கடலின் மேற்பரப்பில் மிதந்தன. விண்கல் மோதலின் பின் மேற்பரப்பு நீர் அமிலத்தன்மை அடைந்து, உணவும் அருகியபோது அவை மடிந்தன என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். நோற்றிலஸின் குஞ்சோ பெரிய முட்டையிலிருந்து, ஓரங்குல அளவில், ஆழ்நீரில் வெளிவருகிறது.

மனிதர் வெளியேற்றும் கரியமிலவாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சுகிறது; அதனால் கடல்நீரின் அமிலத்தன்மை கூடி வருகிறது. பேரழிவைத் தாங்காதவை பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத குஞ்சுகளே என்பதை அமோனைற்றின் கதை உணர்த்துகிறது. காலிமுகத்திடலில் நின்று கடலை நோக்கும் நாம், அதன் வளத்தைக் கரைக்கு வரும் மீனைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது போதாது. கரைக்கு வராத அக்குஞ்சுகளின் நலனிலேயே நாளைய மீனவரின் வாழ்வும் தங்கியுள்ளது.