கதைவழிப் பேச்சு: பாராமகாலிலிருந்து பெங்களூர் வரை

நமக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தவர்கள் முதலில் நம்மிடம் நம் மொழிகளைக் கற்க வேண்டியிருந்தது. கல்வி வரலாறு எழுதுவோர் 1835ஆம் ஆண்டு மெக்காலே குறிப்பிலிருந்து தொடங்குவதே வழக்கமாகிவிட்டதால், அதற்கு முந்தைய இந்தப் பாடம் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஒரு பகுதி அன்று பாராமகாலில் அடங்கியிருந்தது. 1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அது கும்பினியார் கைக்கு வந்தது. அதை நிர்வகிக்கக் காரன்வாலிஸ் சிவில் அதிகாரிகளை அனுப்பவில்லை. அலெக்சாண்டர் ரீடு என்ற படைத்தளபதியையும், அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோ உள்ளிட்ட மூன்று இளம் படையதிகாரிகளையும் அனுப்பினார். நாட்டு மொழிகளும் நாட்டு வழக்கங்களும் அறிந்தவர்கள் சிவில் அதிகாரிகளிடையே போதிய அளவில் இல்லை என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். வரி வாங்க வேண்டுமானால் குடியானவனிடம் பேச வேண்டும். பேச வேண்டுமானால் அவன் கேள்விக்கு மறுமொழி சொல்லத் தெரிய வேண்டும். இலக்கணம் படித்தால் மட்டும் இது வாய்க்காது என்பதை அரசாங்கமே உணர்ந்த தருணம் அது.

பாதிரிமார்கள் இதை இன்னும் முன்னரே உணர்ந்திருந்தார்கள். இத்தாலியரான பெஸ்கி, நமக்கு வீரமாமுனிவர், தேம்பாவணி பாடிய அதே கையால் பரமார்த்த குரு கதையையும் எழுதினார். இன்று அதை நகைச்சுவைக் கதையாகவும், தமிழ் உரைநடைக் கதையிலக்கியத்தின் தொடக்கமாகவும் படிக்கிறோம். அதன் பயன்பாடு வேறாக இருந்தது. புதிதாக வரும் ஐரோப்பியர் பேச்சுத் தமிழ் பழக, லத்தீன் மொழிபெயர்ப்போடு ஆக்கப்பட்ட பாடநூல் அது. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் அதை லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பும் சொல்லகராதியும் சேர்த்து, முதற்கதைக்குச் சொல்வாரியான பகுப்பாய்வோடு அச்சிட்டபோதும் நோக்கம் அதுவே. மட்டியும் மடையனும் பேதையும் மிலேச்சனும் மூடனும் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆற்றைக் கடந்தபின் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். படிப்பவனோ கணக்கைத் தன் மனத்தில் சரிசெய்துகொண்டே வருகிறான். அந்த அவசரத்தில் அவன் அறியாமலே தமிழ் அவனுக்குள் போய்விடுகிறது. மாணவனைக் கதைக்குள் இழுத்து வேலை வாங்குவது எப்படி என்பதைப் பெஸ்கி நன்றாகவே அறிந்திருந்தார்.

நாம் ஆங்கிலம் கற்ற கதை இதற்கு நேர்மாறானது. பாராயணம், இலக்கண விதி, மொழிபெயர்ப்பு ஆகியவையே நெடுங்காலம் நம் வகுப்பறையின் முறையாக இருந்தன. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி வழியாகச் சென்னைக்குப் போன இராஜாஜியைப் போன்ற சிலருக்கு அந்த முறையும் போதுமானதாக இருந்தது. (பிற்காலத்தில் அவரே மகாபாரதத்தை எளிய ஆங்கிலத்தில் கதையாகச் சொன்னார், 1951இல் வெளிவந்த அந்நூல் எத்தனையோ பேருக்கு ஆங்கில வாசிப்பின் முதற்படியாக அமைந்தது.) ஆனால் ஒரு முறையைச் சிறந்த மாணவரை வைத்து எடை போடுவது நியாயமாகாது.

விடுதலைக்குப் பின் 1950களில் அமைப்பு முறை எனப்பட்ட பயிற்றுமுறை வந்தது. வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பழக்குவது. சென்னை மாநிலம் இதற்காக நடத்திய முயற்சி பிரம்மாண்டமானது. சிலரைப் பயிற்றுவித்து, அவர்கள் பிறரைப் பயிற்றுவித்து, இவ்வாறாக 27 ஆயிரம் ஆசிரியர்களை எட்டுவது திட்டம். பனியே விழாத இந்த ஊரில் அதற்குப் ‘பனிப்பந்து’ என்று பெயரும் சூட்டினார்கள். அதன் பயனை ஒரேயடியாக மறுக்க முடியாது. ஆனால் ‘இது ஒரு பேனா’ என்று கையில் பேனாவை வைத்துக்கொண்டு சொல்லும் வாக்கியத்தைக் கேட்டு எவரும் எதையும் புதிதாக அறிந்துகொள்வதில்லை. மாணவன் வாக்கியத்தைச் சரியாகச் சொன்னான். சொல்வதற்கான தேவைதான் அவனுக்கு எழவில்லை.

இந்த இடத்தில்தான் நாம் எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குப் போக வேண்டும். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே நடந்த ஒரு சோதனையை உலகின் ஆங்கில ஆசிரியர்கள் அறிந்த அளவுக்கு நம் பகுதி ஆசிரியர்கள் அறியவில்லை என்பது நமக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது. 1979இலிருந்து 1984 வரை, பெங்களூர் வட்டார ஆங்கிலப் பயிற்சி நிறுவனத்தையும் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலையும் சார்ந்து, என்.எஸ். பிரபு தலைமையில், பெங்களூர், சென்னை முதலிய ஊர்ப் பள்ளிகளில் அது நடந்தது. உலகம் அதைப் ‘பெங்களூர்த் திட்டம்’ என்கிறது.

பிரபுவின் கருத்து ஒரே வரியில் அடங்கும்: மனம் பொருளில் ஆழ்ந்திருக்கும்போதே இலக்கணம் தானாக உருவாகிறது. ஆகவே அவர் வகுப்பில் இலக்கணப் பாடத்திட்டம் இல்லை. செய்ய வேண்டிய வேலைகள் மட்டுமே இருந்தன. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று முடிவு செய்வது, நாட்காட்டி, வரைபடம், தபால் கட்டணம், தந்தி. முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் பேசி ஒரு வேலையைச் செய்துகாட்டுவார். பின் அதைப் போன்ற இன்னொன்றை ஒவ்வொரு மாணவனும் தனியே செய்வான். வகுப்பில் பாதிப் பேராவது பாதி வேலையையாவது சரியாகச் செய்தால் அந்த வேலை தகுந்த அளவினது. மாணவன் தவறாகப் பேசினால் பாடத்தை நிறுத்தி விதி சொல்வதில்லை. ஆசிரியர் தம் மறுமொழியில் அதைத் திருத்திச் சொல்லிவிட்டு மேலே போவார், ஒரு தாய் தன் பிள்ளையிடம் செய்வதுபோல. தாய்மொழிக்குத் தடையும் இல்லை.

அந்த வேலைகளின் பட்டியலில் கதையும் உண்டு. யார் செய்தது என்று துப்புத் துலக்கும் கதைகளை மாணவர்கள் கேட்டு, தகுந்த தீர்வைச் சொல்லி முடிக்க வேண்டும். ஆனால் கதையை வேறொரு விதமாக, அவரவர் விருப்பம்போல் முடிக்கவிடுவதில் பிரபுவுக்கு நம்பிக்கை குறைவு. தகவல் இடைவெளி, தருக்க இடைவெளி, கருத்து இடைவெளி என்று அவர் மூன்று வகை வகுத்தார். கதையை நிறைவு செய்தல் மூன்றாம் வகை. அவர் தேர்ந்தது இரண்டாவதை. கருத்துச் சொல்ல நிறைய மொழி வேண்டும், தொடக்க நிலையில் இருப்பவனிடம் அது இராது, தருக்கப் புதிருக்கோ ஓரிரு சொற்களே போதும் என்பது அவர் வாதம்.

பள்ளிச் சிறுவர்களைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். கல்லூரி மாணவர்களிடம் அது பொருந்தாது என்பது நம் துணிபு. பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலப் பாடம் எழுதித் தேறியவனிடம் மொழி இல்லாமல் இல்லை. அது உள்ளே உறங்குகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்பானிய மொழியாசிரியர் பிளேன் ரே வளர்த்தெடுத்த முறையை இங்கே எண்ணிப் பார்க்கலாம். அவர் கதை சொல்வதில்லை, கதை கேட்கிறார். ஒரு பையன் இருந்தான். அவனுக்கு என்ன வேண்டும்? நாயா, யானையா? எங்கே போனான்? வகுப்புச் சொல்லும் விடையே கதையின் அடுத்த வரியாகிறது. ஒரே செய்தி ஐந்தாறு கேள்விகளின் வழியே திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. அமைப்பு முறையும் இதே திரும்பச் சொல்லலைத்தான் நாடியது. இங்கே அது அலுப்பில்லாமல் நிகழ்கிறது. நம் பாட்டிகளுக்கு இது புதிதன்று. ‘உம்’ கொட்டாத பேரனுக்குக் கதை நின்றுபோகும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் குறுக்கே புகுந்து கேள்வி கேட்காமல் எந்த அரசனும் தன் வரலாற்றைச் சொல்லி முடித்ததில்லை.

தமிழ்த்துறையினருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் மாணவர்களின் நிலையே காரணம். 1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது. 1980களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெருந்தொழில்கள் நிலைகொண்டன. 2020களில் மின்னணுத் தொழிற்சாலையும் மின்வாகனத் தொழிற்சாலையும் மாவட்டத்தின் உட்பகுதிக்கே வந்துவிட்டன. இங்குள்ள ஒரு மாணவி வீட்டில் தெலுங்கு பேசுகிறாள், சந்தையில் கன்னடம் பேசுகிறாள், பள்ளியில் தமிழ் படித்திருக்கிறாள். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்திற்குப் பின் பள்ளிக்கு வந்த தலைமுறை அவள். மூன்று மொழிகளில் வாய் மூடாத அவள், நான்காவது மொழியில் நடக்கும் நேர்முகத் தேர்வில் தன் பெயரைச் சொன்னபின் மௌனமாகிறாள். பட்டம் பெற்றவள் அசெம்பிளி லைனில் ஒப்பந்தத் தொழிலாளியாக நிற்பதற்கும், அதே கூரையின் கீழ் தர ஆய்வுப் பிரிவில் உட்காருவதற்கும் இடையே உள்ள தூரம் பல வேளைகளில் அந்த ஐந்து நிமிட மௌனந்தான்.

ஆங்கிலத்துறை நண்பர்களோடு சேர்ந்து மாலை வேளைகளில் நாங்கள் நடத்தும் வகுப்பில் ஒரு கதை நன்றாக எடுபட்டது. இரவு ஷிஃப்ட் முடிகிறது. ஸ்டோர் ரூமில் ஒரு பெட்டி குறைகிறது. உள்ளே போய்வந்தவர்கள் மூன்று பேர்: சூப்பர்வைசர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், பயிற்சிக்கு வந்த பெண். ஆசிரியர் இவ்வளவே ஆங்கிலத்தில் சொல்வார். மற்றதைக் கேட்டுத்தான் பெற வேண்டும். கேள்வி ஆங்கிலத்தில் வந்தால் மட்டுமே விடை உண்டு. முதற்பத்து நிமிடம் எவரும் வாய் திறக்கவில்லை. பின்னர் தளிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, அதுவரை எந்த வகுப்பிலும் பேசியறியாதவள், “ஹூ ஹேவிங் கீ?” என்றாள். “ஹூ ஹேஸ் த கீ? த சூப்பர்வைசர் ஹேஸ் த கீ” என்று விடை போயிற்று. எவரும் அவளைத் திருத்தவில்லை. அரை மணி கழித்து “ஹூ ஹேஸ் த கேட் பாஸ்?” என்று அவளே கேட்டாள். பயிற்சிப் பெண்மேல் பழி விழப்போகிறது என்று தெரிந்ததும் வகுப்பே இரண்டு கட்சியாகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளி என்பதால்தான் அவளைச் சந்தேகிக்கிறார்கள் என்று ஒருவன் சண்டைக்கு நின்றான், பிழை மலிந்த ஆங்கிலத்தில். அவன் அக்காள் அப்படிப்பட்ட வேலையில் இருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது. பிரபு தவிர்த்த அந்தக் கருத்து இடைவெளி எங்களுக்குக் கைகொடுத்த இடம் இது.

இடர்ப்பாடுகளை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. பெங்களூர்த் திட்டத்தை மதிப்பிட்ட ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் 1985இல் அதற்கு அளவான ஆதரவே தந்தார்கள். மாணவர் குழுக்களை ஒப்பிட்ட முறையில் குறைகள் உண்டென்பதையும் ஒப்புக்கொண்டார்கள். ஆர்வத்தோடு சேர்ந்த தேர்ச்சிமிக்க ஆசிரியர்களிடம் விளங்கிய முறை, வழக்கமான பள்ளி ஆசிரியர்களிடம் தடுமாறியது என்று பெரெட்டா பின்னர் எழுதினார். இது எதிர்பார்க்கத்தக்கதே. கதை எங்கே திரும்பும் என்று தெரியாத வகுப்பில் நிற்க, ஆசிரியருக்கே ஆங்கிலத்தில் அச்சமற்ற புழக்கம் வேண்டும். அறுபது பேர் உள்ள வகுப்பில் அறுபது பேரும் பேசிவிட முடியாது. தேர்வுத்தாளிலோ பேச்சுக்கு இடமே அரிது.

பிரபுவின் வேலைப் பட்டியலையும் அப்படியே எடுத்தாள முடியவில்லை. தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. அஞ்சல் கட்டணக் கணக்கு மாணவர்களுக்கு அன்னியமாகிவிட்டது. அவற்றின் இடத்தில் கம்பெனி பஸ் புறப்படும் நேரங்களையும், சூளகிரியிலிருந்து அத்திப்பள்ளி வரையிலான நிறுத்தங்களையும், ஓவர்டைம் கணக்கையும், கேட் பாஸையும் வைத்துப் பதினொரு கதைகள் எழுதியிருக்கிறோம். பன்னிரண்டாவதில் மட்டி முதலான ஐவரும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி வாசலில் தலை எண்ணிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் குறைகிறான்.