மூணாற்றின் கிழக்கு வாசல்

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் பள்ளத்தாக்கில் அமைந்த சிற்றூர் மூணாறு. மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இப்பெயர் வேலை வைப்பதில்லை. தமிழனுக்கும் மலையாளிக்கும் அது ஒன்றுபோலவே விளங்கும்.

ஆனைமுடியைக் காணவும், இரவிகுளத்தில் வரையாடுகளைப் பார்க்கவும் செல்வோர் இங்குத் தங்கியே மலையேறுகின்றனர். அவர்களுட் பலர் கொச்சி வழியாக, மேற்கிலிருந்து வருகிறார்கள். முற்காலத்திலோ இவ்வூரின் தலைவாசல் கிழக்கே, தமிழகத்தை நோக்கியிருந்தது.

1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. வண்டிகளை எருதுகள் இழுத்தன. 1908-இல் அது சிறிய இருப்புப்பாதையாக மாறி நீராவி எஞ்சின் ஓடலாயிற்று. தேயிலை, டாப் ஸ்டேஷன் வரை இரயிலிற் சென்று, அங்கிருந்து கம்பிவடத்திற் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தது. தேயிலை இறங்கிய திசையிலிருந்தே கூலி வேலைக்கு நம்மவர் ஏறினர். காடு திருத்தித் தோட்டமாக்கிய கைகளிற் பெரும்பாலானவை தமிழ்க் கைகள்.

1924 ஜூலை வெள்ளம் அந்த இருப்புப்பாதையை வாரிக்கொண்டு போயிற்று. மீண்டும் அதனை எவரும் போடவில்லை. ஆலுவாவிலிருந்து புதிய சாலை வந்தது. 1935-இல் பெரியாற்றின்மீது நேரியமங்கலம் பாலமும் திறக்கப்பட்டது. ஊர் மேற்கே முகந்திருப்பிற்று. 1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது, தேவிகுளம் வட்டத்தைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரினர் தமிழர். அது கேரளத்திலேயே நின்றது. அவர்கள் மனநிலையை, வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

டாப் ஸ்டேஷன் செல்வோர் அங்கே இரயிலைத் தேட வேண்டா, பெயர்தான் எஞ்சியிருக்கிறது. மேகம் விலகும் வேளையில் கிழக்கே பார்த்தால், கொட்டகுடிப் பள்ளத்தாக்கும் தேனிச் சமவெளியும் கீழே தெரியும்.