புகை மணக்கும் தேயிலை

வட மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் ஒரே பானத்துக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. தெருமுனைக் கடையில் நின்று கேட்கும்போது அது ‘சாய்’. வீட்டுச் சாமான் பட்டியலில் எழுதும்போது ‘தேயிலை’. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்த இரட்டைப் பெயர் நெடுநாளாகச் சுவை தரும் பொருளாக இருந்து வருகிறது. இரண்டும் ஒரே சீன எழுத்தின் இருவேறு ஒலிகள். மத்திய ஆசியாவையும் பாரசீகத்தையும் கடந்து தரைவழியே வந்த ஒலி ‘சாய்’ ஆயிற்று. சீனத்தின் தென்கிழக்கில் உள்ள ஃபூஜியன் மாகாணத்து மக்கள் ‘தே’ என்று வழங்கிய ஒலியை டச்சு வணிகர் கப்பலேற்றினர். நம் தேயிலையின் முதலெழுத்தில் ஒலிப்பது அந்தக் கடற்கரைப் பேச்சே.

அந்த ஃபூஜியன் மாகாணத்தின் வடமேற்கு எல்லையில் வூயி மலைத்தொடர் இருக்கிறது. அதனுள் தோங்மு என்னும் சிற்றூர். உலகிலேயே பெயர்பெற்ற புகைத் தேயிலை பிறந்த இடம் அது. ‘லாப்சாங் சூசோங்’ என்று மேலைநாட்டார் அழைப்பதும், ‘ஜெங்ஷான் ஷியாவ்ஜோங்’ என்று ஊரார் அழைப்பதும் அந்தத் தேயிலையைத்தான்.

அது தோன்றியதற்கு ஊரார் ஒரு கதை சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவில், மிங் அரசு வீழ்ந்து சிங் அரசு எழுந்த காலம். அவ்வழியே சென்ற படை ஒன்று தேயிலைக் கொட்டகையில் தங்கிவிட்டது. பறித்த இலையை உரிய நேரத்தில் உலர்த்த இயலவில்லை. இலை கறுத்துப் போயிற்று. படை நகர்ந்த பின்பு, இழப்புக்கு அஞ்சிய குடியானவர் பைன் விறகைக் கொளுத்தி அவசரமாக உலர்த்தினர். புகை ஏறிய அந்தச் சரக்கை உள்ளூரார் தொடவில்லை. அயல்நாட்டு வணிகரோ அடுத்த ஆண்டும் அதையே கேட்டு வந்தனர். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆயினும் இது செவிவழிக் கதை. சான்று கேட்டால் நிற்காது. அந்த மலையின் தட்பவெப்பத்தைப் பார்த்தாலே போதும், படை வந்து தங்க வேண்டிய தேவை இல்லை. இலை பறிக்கும் இளவேனிற் பருவத்தில் அங்கே மழையும் மூடுபனியும் ஓய்வதில்லை. வெயிலில் உலர்த்த வழியில்லாத ஊரில் நெருப்பைத்தான் நாட வேண்டும். மலையில் மலிந்து கிடந்த விறகு பைன் மரம்.

அவ்வூரின் புகைமாடம் தனியாகச் சொல்லத் தக்கது. மரத்தால் ஆகிய மூன்று அல்லது நான்கு அடுக்குக் கட்டடம் அது. அடித்தளத்தில் நெருப்பு எரியும். மேல்தளங்களுக்குப் பலகைத் தரை கிடையாது; இடைவெளி விட்டு அடுக்கிய கட்டைகளின் மேல் மூங்கிற் பாய் விரித்திருக்கும். பறித்து வந்த பச்சிலை முதலில் மேல் அடுக்குகளில் பரப்பப்பட்டு, கீழிருந்து வரும் இளஞ்சூட்டில் வாடும். பின்பு அதைக் கசக்கி உருட்டி, கூடையில் அமுக்கித் துணியால் மூடி வைப்பர். இலைச்சாறு காற்றோடு கலந்து நிறம் செம்மையுறும். அதன்பின் சூடான இருப்புச் சட்டியில் சிறிது நேரம் புரட்டி, மீண்டும் கசக்கி, இறுதியாக மூங்கில் தட்டுகளில் இட்டுப் பைன் நெருப்புக்கு மேலே அடுக்குவர். பல மணி நேரம் புகையும் சூடும் ஏறி இலை கருகருவென்று உலரும். ஆகவே ஒரே இலை இரண்டு முறை புகை காண்கிறது, வாடும்போது ஒரு முறை, உலரும்போது மறுமுறை. நல்ல சரக்கின் சூட்சுமம் இந்த நிதானத்தில்தான் இருக்கிறது.

வூயி என்னும் மலைப்பெயரே ஆங்கிலேயர் வாயில் ‘போஹி’ எனத் திரிந்தது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குச் சென்ற கருந்தேயிலையில் பெரும்பகுதிக்கு அந்தப் பெயரே வழங்கிற்று. முதலில் உயர்ந்த சரக்கைக் குறித்த அச்சொல், வாணிகம் பெருகப் பெருக, மட்டரகச் சரக்கின் பெயராக இழிந்தது. 1773 டிசம்பர் 16 அன்று அமெரிக்காவில் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் எறியப்பட்ட சுமார் 340 பெட்டிகளில் மிகப் பலவும் போஹியே.

சூசோங்குக்கும் அந்தத் தாழ்வு நேராமல் போகவில்லை. ‘ஷியாவ்ஜோங்’ என்றால் சிறுவகை. ‘ஜெங்ஷான்’ என்றால் மெய்ம்மலை. தோங்முவைச் சுற்றியுள்ள மலையில் விளைந்ததே மெய்ம்மலைச் சரக்கு என்றும், மற்ற இடங்களில் செய்தது புறமலைச் சரக்கு என்றும் பிரித்துச் சொல்லும் நிலை வந்துவிட்டது. போலி பெருகிய பின்பே ஒரு பொருளின் பெயரோடு ‘மெய்’ என்னும் அடைமொழி ஒட்டிக்கொள்கிறது. ‘சுத்தமான பசு நெய்’ என்று பலகை தொங்கும் கடைகளை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்று தோங்மு காக்கப்பட்ட காட்டுப் பகுதிக்குள் அடங்கியிருக்கிறது. வூயி மலை 1999இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. காடு காக்கப்படுவது நல்லதே. ஆனால் அங்கே பைன் மரத்தை முன்போல் வெட்ட இயலாது, விறகு வெளியிலிருந்து வர வேண்டும். 2005இல் அதே ஊரில் புகையே இல்லாத, மெல்லிய மொட்டுகளால் ஆன ‘ஜின் ஜுன் மெய்’ என்னும் தேயிலை தோன்றிச் சீனச் செல்வர்களிடையே பெரும் விலை பெற்றது. மேலும், புகையோடு இலையில் படியும் சில பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கடுமையான வரம்பு விதித்திருப்பதால் அந்தச் சந்தையும் சுருங்கிற்று. இந்நிலையில் புகைமாடத்தைப் பழுதுபார்த்து நெருப்பு மூட்டுபவர் சிலரே. நூற்றாண்டுகளாக ஊருக்குச் சோறிட்ட தொழிலுக்கு அவ்வூரிலேயே மதிப்புக் குறைந்து வருவது வருந்தத் தக்கது.

ஆகவே, புகைத் தேயிலை வாங்க விரும்பும் நேயர்கள் பெட்டியின் மேலுள்ள பெயரை மட்டும் நம்பலாகாது. விளைந்த ஊர், பறித்த பருவம், உலர்த்திய முறை ஆகியவற்றைச் சொல்லக்கூடிய வணிகரையே நாட வேண்டும். முதல் முறை ஐம்பது கிராமுக்கு மேல் வாங்குவது வீண். மலிவான சரக்கில் இலைக்குச் சுவை இராது. தார் காய்ச்சிய நெடிதான் முந்தி வரும். நல்ல சரக்கில் புகை பின்னணியில் நின்று, லிச்சிக்கு உறவான லாங்கன் பழத்தை உலர்த்தியது போன்ற இனிமை முன்னே வரும். நம்மவர் நாவுக்குச் சொல்வதானால், பனங்காட்டில் கருப்பட்டி காய்ச்சும் கொட்டகையின் மணம் நினைவுக்கு வரும். பாலில் புகை நாறினால் முகம் சுளிக்கும் வீடுகளில் பிறந்தவர்கள் நாம். இந்தப் புகை எப்படிப் பிடிக்கும் என்று கேட்கலாம். இரண்டாம் கோப்பையில் பிடித்துவிடுகிறது என்பதே நமது அனுபவம்.

சீனம் வரை போக வேண்டாதவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு புகைத் தேயிலை உண்டு. அஸ்ஸாமின் கிழக்கு மூலையிலும் அதை அடுத்த அருணாசலப் பிரதேசத்திலும் வாழும் சிங்போ மக்களின் ‘பாலாப்’ அது. இலையைச் சட்டியில் வாட்டிக் கசக்கி, வெயிலில் உலர்த்தி, மூங்கிற் குழாயில் இறுகத் திணித்து, அடுப்புக்கு மேலே புகையில் வைத்துவிடுவார்கள். குழாயைப் பிளந்தால் உள்ளே இலை ஓர் உருளையாகக் கெட்டிப்பட்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் கெடாது; வேண்டும்போது கத்தியால் ஒரு வில்லை சீவிக் கொதிநீரில் இட்டுப் பருகுவர். முழுக் கருந்தேயிலை என்று இதைச் சொல்ல இயலாது. முறை வேறு, மரபும் வேறு.

1823இல் ராபர்ட் புரூஸ் என்னும் ஸ்காட்லாந்தியர் அஸ்ஸாம் தேயிலையைக் ‘கண்டுபிடித்தார்’ என்று பள்ளிப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். அவர் கண்டது சிங்போ தலைவர் பீசா காமின் நிலப்பகுதியில். அம்மக்கள் முன்னரே பருகி வந்த இலையை. 1839 ஜனவரியில் லண்டனில் ஏலத்துக்கு வந்த முதல் அஸ்ஸாம் தேயிலை எட்டுப் பெட்டிகள். அவற்றுள் மூன்றின் மேல் ‘சூசோங்’ என்ற சீனப் பெயரே பொறித்திருந்தது. தோட்டங்கள் பரவியபோது சிங்போக்களின் நிலம் சுருங்கிற்று. 1843இல் அவர்கள் ஆயுதம் எடுத்தனர், அடக்கப்பட்டனர். இலையைக் காட்டிக் கொடுத்தவர்களுக்கு அந்த இலையால் கிடைத்தது இது. இன்றும் மார்கெரிட்டா வட்டாரத்தில் சில குடும்பங்கள் பாலாப் செய்து விற்கின்றன. இரயில்வேயிலோ நிலக்கரிச் சுரங்கத்திலோ படையிலோ பணியாற்றி அப்பக்கம் வாழும் நேயர்கள், செய்பவர் கையிலிருந்தே வாங்கலாம்.

இருவகையையும் பாலின்றியே பருக வேண்டும். சூசோங்கானால் ஒரு கோப்பைக்கு இரண்டு அல்லது மூன்று கிராம் இலை. கொதித்த நீரை ஊற்றி மூன்று நிமிடம் மூடி வைத்தால் போதும். அதே இலையில் மறுமுறையும் நீர் ஊற்றலாம். இறுக மூடும் தகர டப்பாவில் தனியே வைத்தல் நலம். காப்பிப் பொடிக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் கெடும்.