பின்னேக துங்கல் இக

இந்தோனேசியத் தூதர்கள் பிறநாட்டு மேடைகளில் தம் நாட்டின் சமய, மொழி, இனப் பன்மையை விளக்க முற்படும்போது எடுத்தாளும் ‘பின்னேக துங்கல் இக’ என்னும் தொடர், சாவகத்தின் பழைய இலக்கிய மொழியாகிய பழஞ்சாவக மொழிக்கு உரியது. மயபாகித்துப் பேரரசின் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், எம்பு தந்துலர் என்னும் புலவர் இயற்றிய ‘சுதசோம’ என்ற காகவின், அதாவது வடமொழி யாப்பைத் தழுவிய நெடும்பாடல், இதன் பிறப்பிடமாகும். அங்கே அது இனங்களைக் குறிக்கவில்லை; சிவனும் புத்தரும் வேறெனத் தோன்றினும் மெய்ப்பொருள் ஒன்றே என்று நிறுவவே வந்தது.

‘பின்ன’ என்பது பிளத்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து பிறந்தது. கணக்கில் தமிழர் வழங்கும் ‘பின்னம்’ என்னும் சொல்லும் அவ்வேரினதே. ‘இக’ என்பது ‘அது’ எனச் சுட்டுவது. முதற்சொல்லில் அது ‘பின்ன’ என்பதோடு புணர்ந்து ‘பின்னேக’ ஆயிற்று. ‘துங்கல்’ ஒன்றே ஒன்றாயிருப்பதை உணர்த்துவது. உடன்பிறப்பில்லாத பிள்ளையை இந்தோனேசியர் இன்றும் ‘அனக் துங்கல்’ என்றே அழைக்கின்றனர். ஆகவே ‘வேறுபட்டது அது, ஒன்றே அது’ என்பதே நேர்ப்பொருள். வழக்கமாகத் தரப்படும் ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்னும் பெயர்ப்பில் வேற்றுமை ஒற்றுமைக்கு இடமாக மட்டுமே நிற்க, மூலமோ இரண்டையும் ஒரே பொருளின்மேல் சமமாக ஏற்றிக் கூறுகிறது; இந்நுட்பம் இழக்கத்தக்கதன்று.

1950இல் இந்தோனேசிய அரசின் கருடச் சின்னத்தில், பறவையின் கால்கள் பற்றிப்பிடித்த நாடாவில் இத்தொடர் பொறிக்கப்பட்டது. 1955இல் பாண்டுங் மாநாட்டைத் தொடங்கிவைத்த இந்தோனேசியக் குடியரசுத் தலைவர் சுகர்ணோ, ஆசிய ஆப்பிரிக்கப் பேராளர்கள்முன் இதனையே தம் அரசின் குறிக்கோளுரையாக எடுத்துரைத்தார்.