துப்பாக்கியுறையும் இடைவாரும் : அமெரிக்க மேற்கின் தோற்றொழில் காட்டும் வரலாறு

1. முன்னுரை

அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதி என்றவுடன், தொடையளவிற் சரிந்து தொங்கும் துப்பாக்கியுறையும், கண்ணிமைக்கு முன் அதனின்று துப்பாக்கியை உருவும் வீரனுமே பலர் உள்ளத்தே தோன்றுவர். இக்காட்சி வரலாற்று உண்மையா, பிற்காலப் புனைவா என்பதை, அவ்வுறையின் தோல், வெட்டு, தையல் ஆகியவற்றைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். எழுத்துச் சான்றுகள் துப்பாக்கி ஏந்தியவனைப் பற்றி மிகுதியாகப் பேசுகின்றன. அவனுக்கு உறை தைத்துக் கொடுத்த தொழிலாளனைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. எனினும் அத்தொழிலாளன் செய்த பொருள்கள் அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ளன. அவற்றின் ஒவ்வொரு மடிப்பும் ஒரு தேவைக்கு விடையாக அமைந்தமையின், மடிப்பை அறிந்தால் தேவையையும் அறியலாம் என்பது யாம் மேற்கொண்ட நெறியாகும்.

ஹோல்ஸ்டர் என்னும் ஆங்கிலச் சொல்லை, மூடுதல், மறைத்தல் என்னும் பொருளுடைய பழைய ஜெர்மானியச் சொற்களோடு மொழிநூலார் இயைத்துக் காண்பர். தமிழில் உறை என்னும் பெயரும் மூடிக் காப்பதனையே குறிக்கும். தோல் என்னும் சொல்லே பழந்தமிழிற் கேடகத்திற்கும் பெயராயிற்று. காப்பு என்னும் பொருள் இவ்வாறு இரு மொழியிலும் முன்னிற்க, விரைவு என்னும் பொருள் எக்காலத்தில் வந்து சேர்ந்தது என்பதே ஈண்டு எழும் வினா.

2. சேணத்திலிருந்து இடைக்கு

கைத்துப்பாக்கியின் உறை முதலில் மனிதன் இடையில் இருந்ததில்லை. குதிரையின் சேணத்தில் இருந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளின் குதிரைப்படை வீரர், சேணத்தின் முன்முனையில் இருபுறமும் தொங்கும் தடித்த தோற்கூடுகளில் இணைத்துப்பாக்கிகளை வைத்தனர். ஹோல்ஸ்டர் என்னும் சொல் முதலில் இக்கூட்டையே குறித்தது.

சாமுவேல் கோல்ட் என்பார் 1836இல் சுழல்துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அதனால் உறை உடனே இடைக்கு வந்துவிடவில்லை. 1847இல் அமெரிக்கப் படைக்கெனச் செய்யப்பெற்ற வாக்கர் வகைத் துப்பாக்கி நாலரை இறாத்தலுக்கு மேற்பட்ட எடையுடையது. அதனை இடையிற் கட்டி நாள்முழுதும் திரிதல் அரிது. ஆதலின் அது சேணக்கூட்டிலேயே தங்கியது. 1851ஆம் ஆண்டின் நேவி வகையோ ஏறத்தாழ இரண்டரை இறாத்தல் எடையே கொண்டது. எடை குறைந்த பின்னரே உறை சேணத்தினின்று இறங்கி இடைவாரில் ஏறியது. எனவே இம்மாற்றத்திற்கு முதற்காரணம் வீரனின் விரைவன்று, பொருளின் எடையே என்பது தெளிவு.

இதே காலத்திற் கலிபோர்னியாவிற் பொன் தேடிப் பெருந்திரளான மக்கள் குடியேறினர். அவர்தம் தேவைக்கு மேற்குக் கரையின் சேணத் தொழிலாளர் ஒரு புதிய உறையை வகுத்தனர். ஒரே தோலை ஒருமுறை மடித்து, ஒரு விளிம்பில் மட்டும் தைத்து, துப்பாக்கியின் வடிவை ஒட்டி ஒடுங்கி வருமாறு செய்யப்பட்ட இவ்வுறையைக் கலிபோர்னியப் பாங்கு என ஆய்வாளர் வழங்குவர். சான் பிரான்சிஸ்கோ நகரின் மெயின்–வின்செஸ்டர் நிறுவனம் இத்தகைய உறைகளுக்குப் பெயர்பெற்றது. இதில் துப்பாக்கி பிடியொழிய ஏனைய பகுதியெல்லாம் ஆழப் பதிந்து கிடக்கும். விசையும் உறைக்குள்ளேயே மறைந்திருக்கும்.

உள்நாட்டுப் போரில் (1861–1865) படைக்கு வழங்கப்பட்ட உறை இன்னும் ஒருபடி மேற்சென்று காத்தது. பெரியதொரு மூடுமடல் துப்பாக்கி முழுவதையும் மூடிக் கீழேயுள்ள பித்தளைக் குமிழில் மாட்டப்பட்டது. அக்காலத் துப்பாக்கியில் மருந்தும் குண்டும் தனித்தனியே இடப்பட்டன. தீப்பொறி தரும் சிறு செப்பு மூடிகள் பின்புறத்தே செருகப்பட்டன. மழையில் மருந்து நனைந்தாலும் ஓட்டத்தில் மூடி கழன்று வீழ்ந்தாலும் துப்பாக்கி வெறும் இரும்பே ஆகும். அன்றியும், அவ்வுறை வலப்பக்கத்தில், துப்பாக்கியின் பிடி முன்னோக்குமாறு அணியப்பட்டது. வலக்கை வாளுக்கு உரியதாகையால் துப்பாக்கி இரண்டாம் படைக்கலமாகவே கருதப்பட்டது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

3. தோலும் பதமும்

உறைக்கு எல்லாத் தோலும் ஆகா. நனைத்தபோது இளகி, உலர்ந்தபோது எடுத்த வடிவிலேயே விறைத்து நிற்கும் தோலே வேண்டும். மரப்பட்டையின் துவர்ப்பிற் பதனிட்ட மாட்டுத்தோலுக்கே இவ்வியல்பு உண்டு. அமெரிக்கக் கிழக்கில் ஓக், ஹெம்லாக் மரப்பட்டைகளும், கலிபோர்னியாவில் டான்ஓக் என்னும் மரத்தின் பட்டையும் இதற்குப் பயன்பட்டன. பட்டைநீரில் தோல் பல மாதங்கள் ஊறவேண்டும். தமிழகத் தொழிலாளர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு செய்துவந்த பதனிடலும் இதே இனத்தைச் சார்ந்ததே.

1884இல் அகஸ்டஸ் சுல்ட்ஸ் என்பாரும், 1893இல் மார்ட்டின் டென்னிஸ் என்பாரும் குரோம் உப்பினாற் பதனிடும் முறைகளுக்கு அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றனர். மாதக்கணக்கான வேலை நாட்கணக்கிற் சுருங்கிற்று. அம்முறை சென்னைக்கும் விரைவிலேயே வந்தது. ஆல்பிரட் சாட்டர்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈண்டு அதற்கு வழிகோலினார். குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே அதற்கு நின்று சான்று பகரும். ஆயினும் குரோம் தோல் மென்மையும் நெகிழ்ச்சியும் உடையது. நனைத்து உலர்த்தினாலும் வார்ப்பாகி நில்லாது. ஆகவே, காலணித் தொழிலிற் பழைய முறையைப் பெரும்பாலும் வென்ற புதுமுறை, உறைத்தொழிலில் அதனை வெல்ல இயலவில்லை. ஒரு தொழில்முறை நிலைப்பதும் மறைவதும் அதன் பழமையைப் பொறுத்தன அல்ல. செய்யும் பொருளின் தேவையைப் பொறுத்தன என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

4. கருவிகளும் செய்முறையும்

இனி, தொழிலாளன் கையில் இவ்வுறை உருவாகும் முறையைக் காண்போம். முதலில் துப்பாக்கியைத் தாளின்மேற் கிடத்தி, அதன் உருவை வரைந்து, மடிப்புக் கோட்டிற்கு இருபுறமும் அளவு கூட்டி வார்ப்படம் எடுப்பர். அமெரிக்கத் தொழிலாளர் தோலின் தடிப்பை அவுன்சு என்னும் அளவாற் சுட்டுவர்; ஓர் அவுன்சு என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு. உறைக்கு எட்டு ஒன்பது அவுன்சுத் தோல், அஃதாவது மூன்றரை மில்லிமீட்டர் அளவினது, ஏற்றதாகும். இடைவாருக்கு அதனினும் தடித்த தோல் வேண்டும். வயிற்றுத்தோல் இழுபட்டு நீளுமாதலின், வாரை எப்போதும் முதுகுத்தோலில், முதுகெலும்பின் போக்கிலேயே வெட்டுவர்.

வெட்டுதற்குரிய கருவி பிறைவடிவக் கத்தி. அதன் நடுப்பகுதியால் நேர்வெட்டும், முனையால் வளைவும் வெட்டலாம்; மடிப்பும் இணைப்பும் வருமிடங்களில் தோலைச் சீவி மெலிதாக்குதற்கும் அதுவே உதவும். வெட்டிய தோலின் விளிம்பருகே சிறு பள்ளக்கோடு ஒன்று கீறப்படும். தையல் அப்பள்ளத்துள் அமிழ்ந்து கிடப்பதால் வெளியுராய்வில் நூல் தேயாது. பின்னர்ப் பற்சக்கரம் ஒன்றை அக்கோட்டில் உருட்டி, அங்குலத்திற்கு ஆறு முதல் எட்டு வரை புள்ளிகள் பதிப்பர்.

தையலே இத்தொழிலின் உயிர்நாடி. மரத்தாலான இடுக்கியை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, அதன் வாயில் தோலைப் பற்றவைத்துக்கொண்டு தொழிலாளன் அமர்வான். சாய்சதுர முனையுடைய குத்தூசியாற் புள்ளிதோறும் துளைப்பான். தேன்மெழுகு ஏற்றிய லினன் நூலின் இருமுனைகளிலும் இரண்டு ஊசிகள் கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்தி இழுப்பான். இதனைச் சேணத்தையல் என்பர். தையற்பொறியின் தையலில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று கொளுவி நிற்குமேயன்றி முழுத்தோலையும் ஊடுருவிச் செல்லா. ஓரிடத்தில் அறின் அண்டைத் தையல்களும் தளரும். சேணத்தையலிலோ ஒவ்வொரு துளையிலும் நூல் இருமுறை ஊடுருவுகின்றது. ஒரு கண்ணி அற்றாலும் மற்றை நூல் தோலைப் பற்றிக்கொள்ளும். தொழிற்கூடத்தினின்று நூறு கல் தொலைவில் வாழ்ந்த மாட்டிடையனுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

இரு விளிம்புகளுக்கும் நடுவே மெல்லிய தோற்பட்டை ஒன்றை வைத்துத் தைப்பதும் உண்டு. துப்பாக்கியின் இரும்பு தையலை நேரே உராயாமல் இப்பட்டை காக்கும். துப்பாக்கியின் பருமனுக்கு உள்ளே இடமும் தரும். தைத்து முடிந்தபின் உறையை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, எண்ணெய் பூசிய துப்பாக்கியை உட்செலுத்தி, வழவழப்பான எலும்புத்துண்டால் வெளியே அழுத்தித் தேய்ப்பர். உருளையின் புடைப்பும் குழலின் கோடும் தோலில் எழும்பித் தோன்றும். நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும். தீயருகே காய்ச்சினால் தோல் வெடிக்கும். இறுதியில் விளிம்பின் கூர் நீக்கி, ஈரந்தடவி, மரத்தாலோ எலும்பாலோ தேய்த்து மெருகேற்றி, மாட்டுக்காலெலும்பில் வடித்த எண்ணெயை அளவாகப் பூசுவர். எண்ணெய் மிகின் தோல் தளர்ந்து உருக்குலையும்.

5. தோட்டாவும் மெக்சிகோக் கண்ணியும்

மருந்தும் குண்டும் ஒருங்கமைந்த உலோகத்தோட்டா பரவியதும் இடைவாரின் இயல்பு மாறிற்று. 1873ஆம் ஆண்டின் கோல்ட் துப்பாக்கி இத்தோட்டாவுக்கென அமைந்தது. தோட்டாக்களை வரிசையாகச் செருகும் தோற்கண்ணிகள் வாரிற் தைக்கப்பட்டன, வார் அகன்றது. பழைய கலிபோர்னிய உறையின் பின்புறத்திலிருந்த ஒடுங்கிய கண்ணியில் இவ்வகன்ற வார் நுழையவில்லை.

இவ்விடர்க்குத் தொழிலாளர் கண்ட தீர்வு மிக நேர்த்தியானது. உறைக்குரிய தோலைப் பெரிதாக வெட்டி, எஞ்சிய பகுதியை உறையின் முதுகுப்பக்கம் மடித்துத் தொங்கவிட்டனர். அத்தொங்கலில் இரண்டு அல்லது மூன்று பிளவுகள் கீறி, உறையின் உடலையே அவற்றினூடே செருகினர். வார் நுழையும் அகன்ற கண்ணி தானே அமைந்தது; தனிக்கண்ணி தைக்கவோ தறையாணி அடிக்கவோ தேவை எழவில்லை. மெக்சிகோக் கண்ணி என வழங்கும் இவ்வமைப்பு 1870களிற் பரவிற்று. வயோமிங் பகுதியின் செயென் நகரில் ஈ. எல். காலட்டின், எப். ஏ. மீனியா ஆகிய சேணத் தொழிலாளர் இதனிற் சிறந்து விளங்கினர்.

தோலும் பித்தளையும் நெடுநாட் கூடியிருந்தால், தோலின் கொழுப்பும் துவர்ப்பும் உலோகத்திற் களிம்பேற்றும். களிம்பேறிய தோட்டா கண்ணியில் ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கியின் அறையுள்ளும் சிக்கும். 1867இல் தோட்டாவாருக்குக் காப்புரிமை பெற்ற படையலுவலர் ஆன்சன் மில்ஸ் பின்னர்த் தோலையே விடுத்து நூலால் நெய்த வாரை ஆக்கியதற்கு இதுவே காரணம். படை நெசவுவாருக்கு மாறியபின்னும் பொதுமக்கள் தோல்வாரையே விரும்பினர். அவர்களுட் பலர் அணிந்த வார் மெல்லிய தோலை இரட்டையாக மடித்துச் செய்யப்பட்டது; அதன் உள்வெளியிற் காசும் வைத்துக்கொண்டனர். அஃது எடை தாங்கும் வாராக மட்டுமன்றிப் பணப்பையாகவும் விளங்கிற்று.

எடையைத் தாங்கும் இதே சிக்கலுக்கு இந்திய மண்ணில் வேறொரு தீர்வு பிறந்தது. 1858இல் போரில் இடக்கையை இழந்த சாமுவேல் பிரவுன் என்னும் ஆங்கிலப் படையலுவலர், வாளுறையைப் பற்ற மறுகை இன்மையால், வலத்தோளின் மேலாக ஒரு குறுக்குவாரை இட்டு இடைவாரோடு பிணைத்தார். வாளின் எடை தோளுக்கு மாறிற்று. கைத்துப்பாக்கியும் அவ்வாரிலேயே இடம்பெற்றது. சாம் பிரவுன் வார் என உலகப் படைகள் பலவும் ஏற்ற இவ்வமைப்பும் விரைவு கருதி எழுந்ததன்று; உடற்குறை ஒன்றை நிறைவு செய்ய எழுந்தது.

6. திரைக்காட்சியும் சான்றும்

இதுகாறும் கண்ட உறைகள் யாவும் இடையில் உயர்ந்து நின்றவை; ஆழமானவை; குதிரை ஓடும்போது துப்பாக்கி நழுவாதபடி இறுகப் பற்றுபவை. விரைவு ஒரு சிறிதும் கருதப்படவில்லை என்பது எம் கருத்தன்று. மூடுமடலைத் துறந்தமையே விரைவிற்கு ஓரளவு இடம் தந்தது. ஆயின் அது முதல் நோக்கமாய் இருந்ததில்லை.

நிகழ்ச்சிகளும் இதற்கு மாறுபடவில்லை. அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில் 1881 அக்டோபர் 26இல் நிகழ்ந்த துப்பாக்கிப் போர் திரைப்படங்களாற் பெரும்புகழ் பெற்றது. அதிற் கலந்துகொண்ட வயட் ஏர்ப் பின்னர் முறைமன்ற விசாரணையிற் கூறிய சான்றின்படி, அவர் துப்பாக்கி இருந்த இடம் உறையன்று, மேற்சட்டையின் பையே. நகரினுள் படைக்கலம் ஏந்தித் திரிதலைத் தடுக்கும் ஆணை அவ்வாண்டே அங்கு இயற்றப்பட்டிருந்தது என்பதும் கருதத்தக்கது.

விசையையும் பிடியையும் வெளிப்படையாக விடும் உறை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், டெக்சாஸின் எல்பாசோ நகரத்துத் தொழிலாளரிடம் வளர்ந்தது. டாம் திரீபெர்சன்ஸ் என்னும் காவலர் பெயரால் வழங்கும் உறை இவ்வகையது. தொடைவரை தாழ்ந்து, கீழ்நுனி வாராற் காலோடு கட்டப்படும் உறையோ 1950களில் திரைப்படத்திற்கும் தொலைக்காட்சிக்கும் எனப் பெருக வழங்கியது. ஆர்வோ ஓஜாலா என்பார் தோலின் அடுக்குகளுக்கிடையே உலோகத்தகடு வைத்துத் தைத்தார். உறை விறைப்பாகத் துப்பாக்கியைவிட்டு விலகி நின்றது; உள்ளிருக்கும்போதே உருளை தடையின்றிச் சுழன்றது. இது நுண்ணிய தொழில்திறனே, ஐயமில்லை. ஆனால் 1870களின் மாட்டிடையன் இத்தகைய உறையைக் கண்டதுமில்லை, வேண்டியதுமில்லை.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. ஒன்று, துப்பாக்கியுறையின் மாற்றங்களுக்குக் காரணம் எடை, ஈரம், தோட்டா, வாரின் அகலம் ஆகிய பொருள்நிலைத் தேவைகளே. இரண்டு, விரைந்து உருவுதற்கென்றே அமைந்த உறை பிற்காலத்தது. அதனை முற்காலத்தின்மேல் ஏற்றியுரைத்தல் வரலாற்று வழு. மூன்று, இவ்வழுவைக் காட்டிக்கொடுப்பது நூற்சான்றினும் தையற்சான்றே.

இம்மூன்றாம் முடிபு நம் ஆராய்ச்சிக்கும் பொருந்தும். இலக்கியம் கூறும் படைக்கலங்களையும் அணிகளையும் ஆராயுங்கால், அவை எப்பொருளால், எக்கருவியால், எம்முறையிற் செய்யப்பட்டன என வினவும் வழக்கம் நம்மிடையே குறைவு. பட்டைநீரிற் கை நனைத்தும் குத்தூசி பிடித்தும் காலங்கழித்த தொழிலாளரின் சொற்களும் முறைகளும் நிகண்டுகளில் முழுமையாக ஏறவில்லை. அவற்றை அறிந்த முதியோர் உள்ளபோதே கேட்டுத் தொகுத்தல் இளம் ஆராய்ச்சியாளர் தம் கடன் என்பது எம் துணிபு.