மாரடைப்புத் தடுப்பும் பொதுவிடப் புகைத்தடையும்: திண்டிவனத்தின் பங்கு

மாரடைப்பைத் தவிர்க்கச் சொல்லப்படும் பழக்கங்களில், புகையை விடுவது விரைந்து பலன் தருவது. அதைத் தனிமனிதரின் மனவுறுதிக்கே விட்டுவிடாமல் சட்டத்தின் துணையோடு செய்ய முயன்ற வரலாற்றில், விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனத்துக்கும் பங்கு உண்டு.

திண்டிவனத்தில் மருத்துவராகத் தொழில் செய்த ச. இராமதாசு 1989-ல் பாட்டாளி மக்கள் கட்சியைத் தொடங்கினார். திரையில் நாயகர்கள் புகைப்பதை அக்கட்சி எதிர்த்தது. 2002-ல் ரஜினிகாந்தின் ‘பாபா’ வெளியானபோது அந்த எதிர்ப்பு பெரும் மோதலாயிற்று. அவருடைய மகன் அன்புமணி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுத் திண்டிவனம் அருகே நல்லாளத்தில் சிறிது காலம் மருத்துவம் பார்த்தவர். 2004-ல் மத்திய சுகாதாரத் துறை அமைச்சரானார்.

சட்டம் அவர் கொண்டுவந்ததன்று. பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கக் கேரள உயர் நீதிமன்றம் 1999-லும் உச்ச நீதிமன்றம் 2001-லும் ஆணையிட்டிருந்தன. புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003-ல் நிறைவேறியது. ஆனாலும் அது பெரும்பாலும் ஏட்டளவில்தான் இருந்தது. அதற்கு உயிர் கொடுத்தவை, அன்புமணி அமைச்சராக இருந்தபோது 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள். அலுவலகம், உணவகம், தொடர்வண்டி நிலையம் என எங்கு புகைத்தாலும் 200 ரூபாய் வரை அபராதம் என்றானது. திரைப்படங்களில் புகைக்கும் காட்சிக்கான தடையை மட்டும் தில்லி உயர் நீதிமன்றம் 2009-ல் நீக்கிவிட்டது. இன்று படம் தொடங்குமுன் வரும் எச்சரிக்கை 2012-ல் கட்டாயமானது.

புகையிலை என்றதும் புற்றுநோயே நினைவுக்கு வருகிறது. இதயம் பின்னுக்குப் போய்விடுகிறது. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, மாரடைப்புக்கான முதன்மைக் காரணிகளாக இரத்தக் கொழுப்புக் கோளாறையும் புகைப்பதையும் காட்டியது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஆறு ஆண்டுகள் முன்னதாக வருவதும் அதே ஆய்வில் தெரியவந்தது. நிக்கோட்டின் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. கார்பன் மோனாக்சைடு உயிர்வளியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரத்தம் எளிதில் உறைகிறது. அருகில் இருப்பவருக்கும் இதே கேடுதான். “நாளுக்கு ஒன்றுதானே” என்பதும் சமாதானமாகாது: 2018-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடும் இதயநோய் இடரில் ஏறக்குறைய பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் உண்டு. விட்டுவிட்டால், ஓராண்டில் அந்தக் கூடுதல் இடர் பாதியாகக் குறைகிறது.

சட்டத்தால் மாரடைப்பு குறையுமா? அமெரிக்காவின் ஹெலினா நகரில் 2002-ல் தடை இருந்த ஆறு மாதங்களில் மாரடைப்புச் சேர்க்கைகள் சுமார் 40 விழுக்காடு குறைந்தன. சிறிய ஊர், சிறிய எண்ணிக்கை. பின்வந்த பெரிய ஆய்வுகளில் குறைவு இந்த அளவுக்கு இல்லை.

உப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை இச்சட்டம் எட்டாது. 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே பார்க்கப்படுகின்றன. 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம், மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதையை முன்வைத்தது.