புறம்போக்குப் பாட்டும் பட்டாதாரர்களும்

வசைச்சொல்லாகவே நம் காதில் விழுந்து பழகிய 'புறம்போக்கு', வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஒரு நிலவகை. தனியார் பெயரில் பட்டா கிடையாது, வரிக்கணக்குக்குப் புறத்தே நிற்பது, ஊரே புழங்குவது. ஏரி, மேய்ச்சல் நிலம், சுடுகாடு எல்லாம் அதில் சேர்த்தி. எண்ணூர்க் கழிமுகத்தில் தலைமுறை தலைமுறையாகக் கையால் தடவி இறால் பிடித்தவர்களிடம் கேட்டால் 'தண்ணிக்கு ஏதுப்பா பட்டா?' என்பார்கள். அந்தப் பொதுமையே அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் வந்து விழுவதற்கும் வழிவிட்டது. பொதுவாக இருப்பதை அதிகாரம் 'காலி' என்று வாசிக்கிறது. வடசென்னையின் கானாப் பாட்டையும் பதிப்புரிமைச் சட்டம் இப்படித்தான் வாசித்து வந்திருக்கிறது என்பதே இங்கு நான் சொல்ல முனைவது.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். அச்சகங்களையும் புத்தகங்களையும் பதிவு செய்யும் சட்டம் 1867-இல் வந்தது. 1857 எழுச்சி முடிந்து பத்தே வருடம். அச்சான ஒவ்வொரு நூலும் அரசின் கைக்குப் போக வேண்டும். பதிவேட்டில் தலைப்பு, மொழி, ஆசிரியர், அச்சகம், பக்கம், படிகளின் எண்ணிக்கை, விலை என்று பத்திகள். கூடவே பதிப்புரிமை உடையவரின் பெயரும் குடியிருக்கும் இடமும். உடைமைக்கான சான்றும் போலீசுக்கான விலாசமும் ஒரே வரியில்! தண்டிக்கப்படக்கூடியவனாக ஆனபோதுதான் 'ஆசிரியன்' என்பவன் உருவானான் என்று ஃபூக்கோ 1969-இல் வாதிட்டார். அவர் ஐரோப்பாவை வைத்துச் சொன்னார். நமக்கு இந்தக் காலனியப் பதிவேடே போதுமான சாட்சி.

ஆனால் இதில் ஒரு முரண் உண்டு. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள் அந்தப் பதிவேட்டிலும் ஏறின. கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு எனப் பண்டிதர்கள் சீந்தாத சரக்கு அது. கண்காணிப்பதற்காகச் சேர்த்த தகவல் பின்னாளில் ஆய்வாளனுக்குக் கருவூலமாயிற்று. ரோஜா முத்தையா போன்ற தனிமனிதர்கள் வாங்கிக் குவித்தவையும் சேர்ந்து (அவர் சேகரிப்பை வைத்து நூலகம் 1994-இல் உருவாயிற்று), ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' எழுத முடிந்தது. அச்சேறிய பாட்டுக்குத் தெரு இலக்கியமானாலும் ஒரு முகவரி கிடைத்தது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் துறைமுகக் கூலிகளும் ரிக்‌ஷாக்காரர்களும் வாயால் கட்டி வாயால் கைமாற்றிய பாட்டுக்கு அதுவும் இல்லை.

இது தற்செயல் இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்பை எப்படி வரையறுத்தது தெரியுமா? அச்சிடப்பட்ட, எழுதப்பட்ட, அல்லது வேறு வகையில் வரிவடிவம் பெற்ற மெட்டு என்று. தாளில் இருந்தால் இசை. தொண்டையில் இருந்தால் காற்று! இசை எழுதப்படும் மேற்கத்திய மரபின் வரையறையை, காதால் கேட்டுக் கற்கும் மரபின் மேல் அப்படியே கவிழ்த்துவிட்டார்கள். 1977-இல் பாட்டுரிமைச் சங்கத்துக்கும் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் இடையிலான வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தயாரிப்பாளர் பக்கமே தீர்ப்பு. ஆனால் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண அய்யர் தனியே ஒரு பின்குறிப்பு எழுதினார்: பாடுபவனுக்கு உரிமை இல்லை என்பது இந்திய இயல்புக்கே ஒவ்வாதது, இங்கே ஜனங்கள் காசு கொடுப்பது பாடுகிறவனுக்காகத்தான், பாராளுமன்றம் இதைக் கவனிக்கட்டும் என்ற பொருளில்.

பாராளுமன்றம் கவனிக்கப் பதினேழு வருடம் ஆயிற்று. 1994 திருத்தம் எழுத்து நிபந்தனையை எடுத்துவிட்டு, 'நிகழ்த்துநர் உரிமை' என்ற ஒன்றைப் புதிதாகச் சேர்த்தது. நிகழ்த்துநர் பட்டியலில் பாடகர், நடனக்காரர், பாம்பாட்டி, செப்பிடுவித்தைக்காரர் எல்லாரும் உண்டு. முதலில் 25 ஆண்டு. 1999 திருத்தத்தில் 50 ஆண்டு. ஆனால், சினிமாவில் சேர்க்க ஒருமுறை சம்மதித்துவிட்டால் அந்த உரிமை அத்தோடு சரி என்று ஒரு பொறியும் கூடவே வைக்கப்பட்டது.

அந்த ஆண்டுகளில்தான் தேவாவின் இசை வழியாகக் கானா திரைக்குள் பரவலாகப் புகுந்தது. 2006-இல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன், 2012-இல் 'அட்டகத்தி'யில் கானா பாலா. பாணியின் பெயரே முன்னொட்டாக ஒட்டிக்கொண்டு, முகமும் பெயரும் உள்ள பாடகர்கள் கிடைத்தார்கள். அதே 2012-இல் வந்த திருத்தம், வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துநருக்குப் பங்கும், தன் பெயரைச் சொல்லக் கோரும் உரிமையும் தந்தது. நல்லதுதான். இருந்தும் ஒலிப்பதிவுக்குச் சட்டப்படி 'ஆசிரியர்' தயாரிப்பாளர். மைக் முன் வந்தவருக்குப் பங்கு உண்டு. அவருக்கு அந்த மெட்டைச் சொல்லிக்கொடுத்த, முந்தின தலைமுறைப் பாட்டுக்காரருக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை. பாட்டு அவரைப் பொறுத்தவரை புறம்போக்கு, படமெடுத்தவருக்குப் பட்டா.

'சரி, அப்படியானால் கானாவை அரசுடைமை ஆக்கிடலாமே' என்று நண்பர்கள் சொல்வதுண்டு. பாரதியின் எழுத்து அப்படித்தான் 1949-இல் மக்களுக்கு வந்தது. அவர் பாடல்களின் இசைத்தட்டு உரிமையை அப்போது வைத்திருந்தவர் ஏவி. மெய்யப்பன். ஆனால் நாட்டுடைமை என்ற ஏற்பாட்டுக்கு ஒற்றை ஆசிரியனும் தொகை வாங்க வாரிசும் தேவை. கானாவுக்கு வாரிசு யார்? ஒரு தெரு.

நானறிந்த பாட்டுக்காரர்கள் உடைமை கேட்பதில்லை. 'எவன் வேணா பாடட்டும், பாட்டு இன்னா பூட்டி வெக்கிற பொருளா? ஆனா கேட்டுட்டுப் பாடு, பேரச் சொல்லு, துட்டு வந்தா தள்ளு' என்பதே அவர்கள் சொல்கிற நியாயம். தனியுடைமை, பொதுக்களம் என்ற சட்டத்தின் இரட்டை எதிர்வுக்குள் இது அடங்கவில்லை. பொதுவாக இருப்பதற்கும் நெறி உண்டு என்கிறது. எண்ணூர் மீனவர்கள் இந்த நாளில் இந்தப் பாடு யாருக்கு என்று முறை வைத்துக்கொள்வதைப் போல.

பெயர் போடுவதிலும் ஆபத்து இருக்கிறது. மரண கானாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் சாவு வீட்டில் பாடும்போது செத்தவர் பெயர், உறவுகள், செத்த விதம், பழைய பகை எல்லாம் பாட்டில் வரும். தெருவுக்குள் அது துக்கம். கைபேசியில் ஏறி உலகம் சுற்றும்போது தகவல். ஏற்கெனவே 'ரவுடி ஏரியா' என்று முத்திரை குத்தப்பட்ட இடத்தில், பாட்டில் வரும் ஒரு பெயர் காவல்நிலையம் வரை போகலாம். 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆய்வுக்கும் ஆவணக் காப்புக்கும் நிபந்தனைகளோடு விலக்கு தருகிறது. ஆவணக் காப்பாளர்களுக்கு வசதி. ஆனால் அந்த விலக்கு யாருடைய துக்கத்தின் மேல் நிற்கிறது என்பதை அவர்களே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வடசென்னைக்கு ஓர் ஒலி ஆவணக் காப்பகம் வருமானால் அதன் பதிவேட்டை 1867-ஐப் பார்த்து எழுதக் கூடாது. பாடியவர் யார், யாரிடம் கேட்டுக் கற்றார், எதற்கெல்லாம் சம்மதித்தார், எந்தப் பெயரை மறைக்கச் சொன்னார், காசு வந்தால் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும். இந்த ஐந்து பத்திகளையும் பாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல நிரப்ப வேண்டும்.